புல எண்ணுக்குள் ஓர் ஊர்

பெரிய குடியிருப்பு வளாகங்களுக்கும் வணிகக் கட்டடத் தொகுதிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கோருவோர் நிரப்ப வேண்டிய படிவங்களுள் ஒன்று 1ஏ. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோடு சேர்ந்து வந்தது அது. நிலம், நீர், மரம், காற்று என்று நீளும் அதன் வினாக்களிடையே ‘அழகியல்’ என்னும் தலைப்பின் கீழ் ஒரு வரி இருக்கிறது: அருகில் மானிடவியல் அல்லது தொல்லியல் சார்ந்த இடங்களோ பொருள்களோ உள்ளனவா? தொல்லியலை அழகியலுக்குள் அடக்கிய கை யாருடையது என்று வியக்கலாம். ஆயினும் வினா கேட்கப்பட்டிருக்கிறது என்பதே பெரிது. ‘அருகில்’ என்றால் எத்தனை மீட்டர் என்று அந்த வரி சொல்லவில்லை. நேரில் சென்று பார்த்து விடை சொல்ல வேண்டியவர் யார் என்றும் சொல்லவில்லை. நடைமுறையில் ஆலோசனை நிறுவனத்தின் இளம் பணியாளர் ஒருவர் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் பட்டியலைத் திறந்து, மாவட்டத்தின் பெயரைத் தேடிப் பார்த்து, ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறார். அவர் பொய்யுரைக்கவில்லை. பட்டியலில் இல்லாததை நிலத்திலும் இல்லாததாக எழுதும் பழக்கம் அவருக்கு முன்பே இந்நாட்டில் வேரூன்றிவிட்டது.

அப்பழக்கத்துக்குச் சட்டத்தின் அமைப்பே ஒரு காரணம். 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டம் தொல்லியல் இடத்துக்குத் தரும் விளக்கம் தாராளமானது. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய சிதைவுகளோ எச்சங்களோ உள்ள இடம் மட்டுமன்றி, அவை இருப்பதாக நியாயமாக நம்பத்தக்க இடமும் அவ்விளக்கத்துக்குள் வரும். ஆனால் பாதுகாப்பு அந்த விளக்கத்திலிருந்து பிறப்பதில்லை; தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று அரசு அறிவித்த பிறகே பிறக்கிறது. அறிவிக்கப்பட்டவை நாடு முழுவதற்கும் நாலாயிரத்துக்கும் குறைவு. மாநிலத் துறைகளின் பட்டியல்கள் தனி. இவ்விரண்டுக்கும் வெளியே கிடப்பதே இந்தியாவின் கடந்த காலத்தில் மிகப் பெரும் பகுதி.

அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றியோ சட்டம் மிகக் கடுமையானது. 1992 ஜூன் மாதத்து அறிவிக்கையும் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் சேர்ந்து எல்லையிலிருந்து 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுத்தன. விண்வெளித் துறையின் வரைபடங்களைக் கொண்டு, விண்ணப்பிக்கும் மனை எந்த வட்டத்துக்குள் விழுகிறது என்று கணினியிலேயே காட்டும் ஏற்பாடும் வந்துவிட்டது. விளைவு விநோதமானது. பழைய கோட்டைச் சுவரை ஒட்டி மூன்று தலைமுறையாக வாழும் ஒருவர் தம் வீட்டின் மேல் ஓர் அறை எழுப்ப முடியாது. ஆனால் பல நூறு சதுர கிலோமீட்டர் நிலத்தை மூழ்கடிக்கும் ஒரு நீர்த்தேக்கத்துக்குள் அறிவிக்கப்பட்ட சின்னம் ஒன்றும் இல்லையென்றால், அந்நிலத்தைப் பற்றி இச்சட்டத்துக்குக் கேட்க ஒன்றுமில்லை. 2010இல் உருவான தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்குப் பெருந்திட்டங்களின் தாக்கத்தை ஆராயும் பொறுப்பு தரப்பட்டது உண்மை. அதுவும் ஒழுங்குமுறைப் பகுதிக்குள் முன்மொழியப்படும் திட்டங்களுக்கே. எளியவனின் மாடிப்படியை அளக்கும் நாடா பெருந்திட்டத்தின் வாசலில் சுருண்டுகொள்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பட்டியலில் ஏறியவையாவது பத்திரமாக உள்ளனவா என்றால் அதுவும் இல்லை. 2022இல் நாடாளுமன்ற நிலைக்குழு முன்வைத்த அறிக்கை, பாதுகாக்கப்பட்ட 3,693 சின்னங்களில் 50 காணாமற் போனவை என்று பதிவுசெய்தது. அவற்றுள் 14 நகரமயமாதலுக்குப் பலியானவை. 12 நீர்த்தேக்கங்களிலும் அணைகளிலும் மூழ்கியவை. எஞ்சிய 24 எங்கிருக்கின்றன என்றே தெரியாதவை. 2024 மார்ச்சில் இந்தியத் தொல்லியல் துறை 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க முடிவுசெய்தது. முகலாயர் காலத்தில் நெடுஞ்சாலையின் தொலைவைக் காட்ட நிறுத்தப்பட்ட கோஸ் மினார் ஒன்று, ஹரியானாவின் முஜேசரில் இருந்தது, அந்தப் பதினெட்டில் அடங்கும். ஒரு காலத்துச் சாலை விட்டுச்சென்ற குறியை இன்னொரு காலத்து நகரம் விழுங்கியது. பெயரும் இடமும் அரசாணையில் இருந்தவற்றுக்கே இந்த நிலை.

திட்டங்கள் பழமையைத் தின்ற கதை இந்தியாவில் இருப்புப்பாதையோடு தொடங்குகிறது எனலாம். லாகூர் முல்தான் ரயில்பாதைக்குச் சரளை தேடிய ஒப்பந்தக்காரர்கள் ஹரப்பா மேட்டின் செங்கற்களை அள்ளினர். ஏறத்தாழ 100 மைல் நீளப் பாதைக்கு அச்செங்கற்கள் போதுமானவையாக இருந்தன என்று பின்னாளில் அலெக்சாண்டர் கன்னிங்காம் எழுதிவைத்தார். சிந்துவெளி நாகரிகத்தை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924இல். அதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்நகரங்களுள் ஒன்று ரயில்களைச் சுமக்கத் தொடங்கியிருந்தது. அன்றைய பொறியாளர்களுக்கு அது இன்ன நாகரிகம் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அது பழைய ஊர் என்று தெரிந்திருந்தது. நன்கு சுட்ட, ஒரே அளவான செங்கல் அங்கே கிடைக்கும் என்பதனால்தான் அங்கே போனார்கள்.

இந்தியா இவ்விஷயத்தில் பெருமைகொள்ளத்தக்க ஒரு நிகழ்வும் உண்டு. அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்தப் பெருமைக்குள்ளேயே சிக்கலும் இருக்கிறது.

கிருஷ்ணை ஆறு நல்லமலைக் குன்றுகளினூடே வளைந்து வரும் இடத்தில், மூன்று பக்கமும் மலையும் ஒரு பக்கம் ஆறுமாக ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. 1926இல் சூரபராஜு வேங்கடராமய்யா என்னும் பள்ளி ஆசிரியர் அங்கே பழைய தூண் ஒன்றைக் கண்டு அரசுக்குத் தெரிவித்தார். சென்னையிலிருந்த கல்வெட்டுத் துறை அலுவலகத்தின் தெலுங்கு உதவியாளர் சரஸ்வதி போய்ப் பார்த்து, இடத்தின் தகுதியை உணர்ந்தார். 1927 முதல் 1931 வரை லாங்ஹர்ஸ்ட்டும், 1938இல் டி. என். இராமச்சந்திரனும் அகழ்ந்தனர். கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட இட்சுவாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி அது என்பது துலங்கியது. நாகார்ஜுனகொண்டா என்று நாம் அறிந்த இடம்.

அங்கு கிடைத்த கல்வெட்டுகளுள் ஒன்று, போதிசிரி என்னும் உபாசிகை இலங்கைப் பிக்குகளுக்காகச் செய்த தர்மத்தைச் சொல்வது. அப்பிக்குகளின் சமயத் தொண்டு எட்டிய நாடுகளாகக் காசுமீரம், காந்தாரம், சீனம், வங்கம், வனவாசி என்று அடுக்கும் அப்பட்டியலில், தமிழரைக் குறிக்கும் ‘தமில’ என்ற சொல்லும் படிக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு பாதி ஆசியாவை எண்ணிப் பார்த்த ஊர் அது.

1952இல் கோஸ்லா குழு, நந்திகொண்டா என்னுமிடம் அணைக்கு ஏற்றது என்று பரிந்துரைத்தது. அவ்விடத்தில் அணை எழுந்தால் இப்பள்ளத்தாக்கு முழுவதும் நீருக்கடியில் போகும். 1954இல் இரா. சுப்பிரமணியம் தலைமையில் தனி அகழாய்வுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. மறு ஆண்டு டிசம்பர் 10 அன்று நேரு அணைக்கு அடிக்கல் நாட்டினார். ஒரு பக்கம் அணை எழ, மறு பக்கம் மண் அகழ, 1960 வரை பணி நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் தோண்டப்பட்டன. பழைய கற்காலக் கருவிகளிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரையிலான தடயங்கள் வெளிவந்தன. கோட்டை, படிவரிசை அரங்கம், ஆற்றுப் படித்துறை, பௌத்த விகாரைகள், அவற்றின் அருகிலேயே சர்வதேவர், கார்த்திகேயர், அஷ்டபுஜசுவாமி முதலிய தெய்வங்களின் கோயில்கள், பெருங்கற்கால ஈமக்குழிகள் எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே கிடந்தன. அவற்றுள் 9 கட்டடங்கள் பிரித்தெடுக்கப்பட்டு மேலே குன்றின் உச்சியில் மீண்டும் கட்டப்பட்டன; 14 கட்டடங்களுக்கு மாதிரிகள் செய்து வைத்தனர். அரங்கம் முதலிய சில, கரையோரமுள்ள அனுபுக்குச் சென்றன. 1967இல் அணை முடிந்தது. குன்று தீவாயிற்று.

எகிப்தின் அபு சிம்பலைக் காக்க யுனெஸ்கோ உலகை அழைத்தது 1960இல். அந்த ஆண்டு நாகார்ஜுனகொண்டாவில் பணி முடிந்தேவிட்டது. புதிதாக விடுதலை பெற்ற, பணத்துக்குத் தவித்த ஒரு நாடு, ஓர் அணைக்காக மூழ்கவிருந்த பள்ளத்தாக்கை இத்தனை பொறுமையாகப் படித்துவைத்தது என்பது சிறு செய்தியன்று. நம் பாடநூல்கள் அபு சிம்பலுக்குத் தரும் இடத்தில் பாதியை இதற்குத் தந்திருக்கலாம்.

ஆயினும் இதை முன்மாதிரி என்று சொல்லுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இது முன்சரிபார்ப்பு அன்று, மீட்பு. அணை எங்கே என்பது முடிவான பிறகே தொல்லியலார் அழைக்கப்பட்டனர். அவர்கள் முன் இருந்த கேள்வி, எதை எவ்வளவு விரைவாகத் தோண்டுவது என்பதே. அணை இருந்தாக வேண்டுமா, ஆற்றில் வேறு இடம் உண்டா என்ற கேள்வியில் அவர்களுக்குப் பங்கில்லை. இத்தனைக்கும் 1926 முதலே உலகறிந்த இடம் இது. முன்பே தெரிந்த இடத்துக்கே ஆறு ஆண்டுகள்தாம் கிடைத்தன என்றால், யாருக்கும் தெரியாத இடத்துக்கு என்ன கிடைக்கும்?

மீட்பு என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பார்க்கலாம். ஒரு விகாரையைக் கல் கல்லாகப் பிரித்து மலைமேல் அடுக்கினால் விகாரை கிடைக்கும். அதற்கும் பக்கத்துக் கோயிலுக்கும் இருந்த தொலைவு, படித்துறையிலிருந்து கோட்டை வாசலுக்குப் போன பாதை, எந்த மண்ணடுக்கின் மேல் எந்தச் சுவர் நின்றது என்பது இவையெல்லாம் ஏட்டில் மட்டும் எஞ்சும். அந்த ஏடாவது உடனே கிடைத்ததா? அகழாய்வறிக்கையின் முதல் தொகுதி 1975இல் வந்தது. வரலாற்றுக் காலத்துக்குரிய இரண்டாம் தொகுதி, கே. வி. சௌந்தரராஜன் பெயரோடு, 2006இல் வந்தது. தோண்டி முடித்து 46 ஆண்டுகள். திரும்பிப் போய்ச் சரிபார்க்க நிலமில்லாத ஓர் அகழாய்வுக்கு அறிக்கைதான் மிச்சமிருக்கும் ஒரே நிலம். அதை அத்தனை காலம் பூட்டி வைத்தோம். அவசரமாகத் தோண்டுவதற்குப் பணம் கிடைக்கும், அமைதியாக எழுதுவதற்குக் கிடைப்பதில்லை என்பது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறையன்று. ஆனால் நமக்கு மிகப் பொருந்தும் குறை.

இதே கிருஷ்ணையில் மேலே சீசைலம் அணை வந்தபோது, துங்கபத்திரை வந்து கூடும் கூடவெல்லியிலிருந்து சங்கமேசுவரர் கோயிலைப் பெயர்த்து ஆலம்பூரில் நிறுவினர். நல்ல காரியம். கண்ணுக்குத் தெரியும் கோயிலுக்குக் குரல் கொடுக்க மக்கள் இருந்தார்கள். ஓடும் சாம்பலும் மட்டும் உள்ள ஒரு மண்மேட்டைப் பெயர்க்கவும் முடியாது, அதற்காக எவரும் குரல் கொடுப்பதும் இல்லை. சாம்பல் என்றது உவமையன்று: கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் புதிய கற்கால ஆயர்கள் மாட்டுச் சாணத்தை எரித்து எரித்து உருவாக்கிய சாம்பல் மேடுகள் உள்ளன. 1957இல் ரேமண்ட் ஆல்ச்சின் உட்னூரில் தோண்டியபோதுதான் அவை தொழுவங்கள் என்பது உறுதியாயிற்று. எரிந்த அடுக்குகளின்மேல் மாட்டுக் குளம்பின் பதிவுகளும் கிடைத்தன. அதுவரை அவற்றை எரிமலைக் கழிவு என்றுகூடக் கருதினர். சாலைக்கு மண் தேடும் ஒப்பந்தக்காரர் ஒருவர் அத்தகைய மேட்டை வேறென்னவாகக் காண்பார்?

முன்னரே பார்த்ததனால் பிழைத்த இடங்களும் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. விசாகப்பட்டினத்துக்கு வடக்கே, கடலை நோக்கிய தொட்லகொண்டா அவற்றுள் ஒன்று. கடற்படைத்தளம் அமைக்க இந்தியக் கடற்படை வான்வழியே அப்பகுதியை ஆராய்ந்தபோது, 1976இல் அக்குன்றின்மேல் கட்டடச் சிதைவுகள் தென்பட்டன. 1978இல் மாநில அரசு 3,143 ஏக்கரைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்தது. 1988 முதல் 1993 வரை மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்து, தூபியும் விகாரையும் சைத்தியங்களும் கொண்ட பௌத்த வளாகத்தை வெளிக்கொணர்ந்தது. அடித்தளம் வெட்டத் தொடங்கிய பிறகு இது தெரியவந்திருந்தால் நீதிமன்றமும் போராட்டமும் இழப்பீடுமாகப் போயிருக்கும். முடிவில் குன்று தப்பியிருக்குமா என்பதும் ஐயமே. காகிதத்தில் கோடு விழும் முன் தெரிந்ததனால் பெரிய சண்டையின்றித் தப்பியது. சரிபார்ப்பு என்றவுடன் வளர்ச்சிக்குத் தடை என்று பதறும் அதிகாரிகள் தொட்லகொண்டாவுக்கு ஒருமுறை போய் வரலாம். கடலும் அழகாக இருக்கும்.

இங்கிலாந்தில் 1990இல் ஒரு வழிகாட்டுக் குறிப்பு இதை நடைமுறையாக்கியது: கட்ட விரும்புபவர் தம் செலவில் முதலில் நிலத்தை ஆராய்ந்து, முடிவை அனுமதி மனுவோடு தர வேண்டும். 1992இன் வல்லெட்டா ஒப்பந்தம் ஐரோப்பிய நாடுகளுக்கு அதையே நெறியாக்கிற்று. அங்கெல்லாம் சாலைகள் போடப்படாமல் நின்றுவிடவில்லை. இந்தியாவிலும் உலக வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களில், தோண்டும்போது தற்செயலாகப் பழம்பொருள் கிடைத்தால் பணியை நிறுத்தித் தெரிவிக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்படுகிறது. ஆனால் மண்வாரி எந்திரம் ஒரு முதுமக்கள் தாழியைத் தொட்ட பிறகு தெரிவிப்பதால் தாழிக்கு என்ன பயன்? நம்மிடம் ஏற்கெனவே 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் ஆட்சியரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. பானை ஓட்டின் விலை பத்து ரூபாயை எட்டுமா என்று அச்சட்டத்தைக் கேட்க முடியாது.

முன்சரிபார்ப்பு என்பது பெருஞ்செலவுள்ள ஒன்றன்று. இந்தியத் தொல்லியல் துறையின் ஊர்வாரி ஆய்வுகளின் முடிவுகள் ஆண்டுதோறும் அதன் மதிப்புரைகளில் அச்சாகியுள்ளன. திட்டப் பகுதியின் ஊர்ப்பெயர்களை அவற்றில் தேடுவது சில நாள் வேலை. 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் இன்று பொதுவில் கிடைக்கின்றன. டிராக்டர்கள் சமன்செய்யும் முன்பு மேடுகள் எப்படிக் கிடந்தன என்பதை அவை காட்டும். இவை முடிந்தபின் நடக்க வேண்டும். அறுவடை முடிந்து, உழவுக்கு முன், புல் காய்ந்த மாதங்களில், நாலைந்து பேர் பத்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்தால் ஓடுகள் கண்ணில் படும். புதிதாக வெட்டிய கிணற்றின் பக்கச் சுவர் எந்த அகழாய்வுக் குழிக்கும் குறையாத பாடம் சொல்லும். ஆடு மேய்ப்பவரிடம் கேட்க வேண்டும். குறுக்கே எங்கே நடந்தால் காலில் ஓடு குத்தும் என்பது அவருக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயர்களைக் கேட்க வேண்டும். தொட்லகொண்டா என்றால் தொட்டிகளின் குன்று. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளால் வந்த பெயர் அது. தமிழின் தொட்டியும் தெலுங்கின் தொட்டியும் ஒன்றே என்பதால் தமிழருக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். துறவிகள் போய் நூற்றாண்டுகள் கழிந்து, விகாரை என்பதே மறந்த பிறகும், பெயர் அவர்களின் தண்ணீரை நினைவில் வைத்திருந்தது. தெலுங்கு நாட்டு உழவர் பழைய குடியிருப்பு மேட்டைப் பாட்டிதிப்ப என்பர். அங்குள்ள சாம்பல் கலந்த வளமான மண் பாட்டிமண்ணு. வண்டி வண்டியாக அதை வயலுக்கு எருவாக எடுத்துப் பல மேடுகளை அவர்களே கரைத்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கங்கைச் சமவெளியில் டீலா, டீஹ், கேடா, ஹரியானாவில் தேஹ், தமிழில் நத்தமேடு. கல்வெட்டு அறிஞர் எவரும் வந்து சொல்வதற்கு முன்பே, அங்கே ஒரு காலத்தில் மனிதர் வாழ்ந்தனர் என்று அறிந்தவர்கள் இட்ட பெயர்கள் இவை.

நெடுஞ்சாலைக்கோ நீர்த்தேக்கத்துக்கோ நிலம் எடுக்கும் அறிவிக்கையில் இப்பெயர்கள் வருவதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம் என்ற மூன்று சொற்களுக்குப் பிறகு அங்கே புல எண்களும் உட்பிரிவுகளும் பரப்பளவுமே இருக்கின்றன. பாட்டிதிப்ப 214/2 ஆகிவிடுகிறது. நத்தமேடு 87/1பி ஆகிவிடுகிறது. படிவத்தை நிரப்பும் இளைஞரின் மேசைக்கு வந்து சேர்வது அந்த எண்கள்தாம்.